காட்டு பங்களாவில் நான் பூசிய சுவர்

இன்ஜினியர் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, அவருடைய ஷூ மேலேயே விழுந்தது.

"செவுரு செத்துப்போச்சுங்க" என்றார், காலை உதறிக்கொண்டே.

பக்கத்தில் வனவர் மேடம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பகுதிக் காடு அவருடைய பொறுப்பு. கொஞ்சம் தள்ளி, காவலுக்குச் சுற்றும் மாரப்பன் தோளில் துண்டோடு நின்றார். பழைய பங்களாவை இடித்துவிட்டு அதே இடத்தில் காவலர்கள் தங்க கான்கிரீட் அறை கட்ட எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் கீழே விழுந்த சில்லையே பார்த்தேன். அதன் முதுகு சாம்பல் நிறம். பங்களா கட்டின காலத்துப் பூச்சு வெள்ளையாக இருக்கும். இது சிமென்ட். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கூடக் குறைய இருக்கலாம், அந்தச் சிமென்டை அந்தச் சுவரில் அப்பினவன் நான்.

அது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அப்போதிருந்த அதிகாரிகள் எல்லாம் மாறிப் போயிருந்தார்கள். மேடத்துக்கு என் நம்பரைக் கொடுத்தது செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்காரர்.

"இப்படி ஒரு செவுத்த வெச்சுக்கிட்டு ஆளுகளைப் படுக்க வெக்கறது தப்புங்க மேடம். இடிச்சுப்போடுங்க. திங்கக்கெழமை எழுதிக் குடுத்தர்றேன்" என்றார் இன்ஜினியர். பிறகு என்னைப் பார்த்து, "என்னுங்க மேஸ்திரி, நாஞ் சொல்றது?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்திருப்பது அந்த 'ஆமாங்க'வைப் பற்றி.

சிமென்ட் ஊர்க்காரன்

போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் நான் முதல்முதலாகக் கலவைச் சட்டி தூக்கினதைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'எந்த வகுப்போடு நின்றீர்கள், வீட்டில் ரொம்பக் கஷ்டமா?' என்று கேட்டு எழுதியிருந்தார்.

எட்டாம் வகுப்பு. கஷ்டம் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அது இல்லை. முழுப்பரீட்சை அன்று வகுப்பு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது. பயந்துவிட்டேன். திரும்பி நடந்தவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இது என் மனைவி சரசாளுக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

நான் பிறந்தது சிமென்ட் ஆலை இருக்கிற மதுக்கரை. எங்கள் ஊரில் சிமென்ட் என்பது வேலை மட்டும் இல்லை, ஒரு நம்பிக்கை. காலி மூட்டையில் பள்ளிக்கூடப் பை தைத்தோம், ஜன்னலுக்குத் திரை போட்டோம், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினோம். எது உடைந்தாலும் சிமென்ட். என் மாமா ஒருத்தர் ஆட்டுக்கல்லின் விளிம்பு உடைந்ததற்குச் சிமென்ட் வைத்து ஒட்டினார். ஒரு மாதம் அவர்கள் வீட்டு இட்லி நறநறவென்றது. "போகப் போகச் சரியாப் போயிரும்" என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் கையில் ஒரு பழைய சுவரைக் கொடுத்தால் என்ன செய்வான்?

பளிச்சென்று ஆக்கினது

அந்த பங்களா மேற்கு மலையடிவாரத்தில், செக்போஸ்ட் தாண்டி ஜீப்பில் முக்கால் மணி நேரம். தேக்கு வெட்டின காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து தங்குவதற்குக் கட்டினது. முன்னால் கூடம், இரண்டு பக்கமும் இரண்டு அறை, பின்னால் தனியாக ஒரு சமையல் கட்டு. சுட்ட செங்கல், சுண்ணாம்புக் கலவை, மேலே ஓடு. அதை யார் கட்டச் சொன்னார்கள் என்று ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்கும். அந்தச் செங்கல்லை அடிவாரத்திலிருந்து தலையில் சுமந்து போனவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

நான் முதலில் போனபோது சுவரெல்லாம் கறுத்துப் பாசி படர்ந்து கிடந்தது. "பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்க" என்றார்கள். ஆக்கிக் கொடுத்தேன். பழைய பூச்சைக் கொத்திவிட்டு, உள்ளும் புறமும் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமென்ட். ஏமாற்றவில்லை. சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்று நல்ல கலவைதான் போட்டேன். மட்டப் பலகை வைத்து இழுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து விட்டேன். அத்தனை வேலையிலும் எனக்கு ஒரே ஒரு குறை. கடைசியில் இரண்டு மூட்டை மழையில் நனைந்து கல்லாகிப் போயிற்று. அந்த வாரம் குட்டியோடு யானைக் கூட்டம் வந்து பாதையில் நின்றுகொண்டதால் வேறு மூட்டை கொண்டுவர முடியவில்லை. சமையல் கட்டை மட்டும் பூசாமல், மேலே வெள்ளை அடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை. ஆனால் நான் விடுவேனா?

என்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அவிநாசி கோயில் வரைக்கும் போய், மோட்டாரை நிறுத்தினோமா என்று சந்தேகம் வந்து சாமி கும்பிடாமல் திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு சமையல் கட்டைப் பூசாமல் விட்டுவிட்டு எத்தனை வருஷம் பயந்திருப்பேன்! தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்றுதான் முதலில் தோன்றும். மேடம் கூப்பிட்ட அன்றும் அதுதான் தோன்றியது.

மாரப்பன் படுக்கும் இடம்

சில்லு விழுந்த அன்று, இன்ஜினியரும் மேடமும் டேப் பிடித்து வெளியே அளந்துகொண்டிருந்தார்கள். நான் மெல்லப் பின்பக்கம் நழுவினேன். சமையல் கட்டு எந்த நிலையில் இருக்கிறது, என் குட்டு உடையுமா என்று பார்க்கத்தான்.

உள்ளே நாலைந்து பாய் சுருட்டி வைத்திருந்தது. கொடியில் சட்டைகள். ஓரத்தில் அரிசி டப்பா, அடுப்பு. பின்னாலேயே மாரப்பன் வந்து நின்றார்.

"இங்கியா படுக்கறீங்க?" என்றேன்.

"பின்ன எங்கீங்க?"

"முன்னால அத்தனை பெரிய ஹாலு இருக்குதே."

"அதுல படுத்தா முதுகு நனைஞ்சு போகுதுங்க. கூடக் காவலுக்கு வர்ற ராமு ரெண்டு வாட்டி சளி புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டான். இங்கதானுங்க காஞ்சு கெடக்குது. பழைய ஆளுக இதை மட்டும் நல்லாக் கட்டிப்போட்டாங்க போல."

நான் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. கையை எடுத்தபோது வெள்ளையாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது.

இரண்டும் ஒரே செங்கல். ஒரே மண். ஒரே மழை. ஓடு வேண்டுமானால் இங்கே இன்னும் மோசம், வானம் தெரிந்தது. முன்பக்கச் சுவருக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். இதில் நான் சிமென்ட் பூசவில்லை.

அரிசி டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் நான் பயந்தது பூசாமல் விட்டதற்கு. கெடுத்ததெல்லாம் பூசினது.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினதை முகம் வழியாகக் காற்றுக்கு விட்டுவிடும். அதற்குத் தகுந்த மாதிரிதான் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். நான் அதன் இரண்டு பக்கமும் மழைக்கோட்டு மாட்டி, பட்டனையும் போட்டுவிட்டேன். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த விளக்கம் எல்லாம் தெரியாது. கையில் ஒட்டின வெள்ளைப் பொடி மட்டும்தான் தெரியும்.

நாலு மணிக்குள் காட்டை விட்டு இறங்க வேண்டும். அதற்கு மேல் யானை நடமாட்டம். ஜீப்பில் ஏறும்போது, முன்சுவர் விரிசலில் முழ உயரத்துக்கு ஓர் அரசங்கன்று நிற்பதை இன்ஜினியர் காட்டினார்.

"இதையாவது புடுங்கிப் போடலாமில்லீங்க மேடம்?"

"அதாங்க எனக்கும் தெரியல. ரிசர்வ் பாரஸ்ட்டுக்குள்ள நிக்கற மரம். கேட்டுத்தான் சொல்லோணும்."

"செவுத்துல நிக்குதுங்க."

"செவுரு காட்டுக்குள்ள நிக்குதுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைத் திறந்ததுதான் திறந்தேன், அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூட்டை இழுக்காத நாள்

மறுநாள் காலையில் சரசாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"நேத்துப் பொழுதோட கடைக்குப் போறப்ப பூட்டை ஒரு வாட்டிகூட இழுத்துப் பார்க்கலையே நீங்க. ஒடம்புக்கு ஆகலீங்களா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, செவுத்தக் கெடுத்ததும் நீங்க. இடிக்கச் சொன்னா ஆமாங்கன்னு சொன்னதும் நீங்க. அங்க புதுசு கட்டப் போறதும் நீங்க."

"அப்படித்தான் ஆகுது."

"நல்லாருக்குது. சீக்கும் நீங்களே, டாக்டரும் நீங்களே."

"சொன்னா பேரு கெட்டுப் போயிரும் சரசா. அப்புறம் ஒருத்தன் வேலைக்குக் கூப்பிடுவானா?"

"சொல்லோணும்னு நான் சொல்லலீங்க. ஆனா சொல்லாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். காத்தால எந்திரிச்சா செவுரு. சோத்துல கைய வெச்சா செவுரு. பத்து வருஷத்துக்கு நானில்ல கேக்கோணும்? அந்த பங்களாவுக்காக வேண்டாமுங்க, எனக்காகவாச்சும் போயிச் சொல்லிப்போட்டு வாங்க."

பழசு எல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஓட்டைப் பேருந்து நிழற்குடைகளையும் இடிந்த சந்தைக் கட்டடங்களையும் நானே இடித்திருக்கிறேன், வருத்தம் இல்லை. அந்த பங்களா வயதாகித்தான் விழப் போகிறது என்றால் விழட்டும். ஆனால் அதற்கு வயதாகவில்லை. சமையல் கட்டு நிற்கிறதே. பொதுவில் கிடக்கிற ஒன்றுக்கு இது ஒரு கஷ்டம். காடு எல்லோருக்கும் சொந்தம் என்கிறோம். அதற்குள் நிற்கிற சுவர் மேல் ஒரு பழி வந்தால், இல்லை என்று சொல்ல அதற்கென்று ஒருத்தர் கிடையாது. அந்தப் பழி யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

மேடத்துக்குப் போன் செய்து, அறிக்கை போகும் முன்னால் இன்ஜினியரோடு இன்னொரு முறை போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். அளவு ஒன்று விட்டுப் போயிற்று என்று பொய் சொன்னேன்.

வர்க்கி மாதிரி

என்ன சொல்ல வேண்டும் என்று ஜீப்பில் முக்கால் மணி நேரமும் வரி வரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கூடத்தில் போய் நின்றதும் ஒரு வரியும் வரவில்லை.

"அந்தப் பூச்சு என்னுதுங்க" என்றேன்.

"எதுங்க?" என்றார் இன்ஜினியர்.

"எல்லாச் செவுரும். சமையல் கட்டு மட்டும் விட்டுட்டேனுங்க. அது சிமென்ட் நனைஞ்சு போனதால."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டுத் தடுமாறி முழுதாகச் சொல்லி முடித்தபோது, இன்ஜினியர் முகம் சிவந்துபோய் இருந்தது.

"அன்னைக்கு இதே எடத்துல நின்னுதானே உங்களைக் கேட்டேன்? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

மேடம் கத்தவில்லை. "ஆமாங்கன்னு சொன்னீங்களேங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு என் பூச்சைக் கொத்தி எடுத்தேன். பாளம் பாளமாக வந்தது. உள்ளே செங்கல், டீயில் முக்கின வர்க்கி மாதிரி ஈரமாக இருந்தது. ஆனால் கரையவில்லை. இன்ஜினியர் பைக் சாவியை எடுத்துச் செங்கல்லைக் கீறிப் பார்த்தார். இன்னும் ரெண்டு கீறு. பிறகு பின்பக்கம் போய்ச் சமையல் கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தையும் கீறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கல்லு ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நானும் எத்தனை பழைய கட்டடத்துக்குச் சிமென்ட் பூசுங்கன்னு எழுதிக் குடுத்தனோ, தெரியல."

எனக்கு அந்த நேரத்தில் அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

ஆனால் மேடத்துடைய கணக்கு வேறு. "நீங்க ரெண்டு பேரும் செவுத்தப் பத்திப் பேசறீங்க. என் ஆளுக அஞ்சு பேரு. மழைக்கு மூணு மாசந்தான் இருக்குது. இது காஞ்சிருமுன்னு நீங்க சொல்லுவீங்களாண்ணா?"

"காயுமுன்னு நெனைக்கறேனுங்க."

"நெனைக்கறதை எல்லாம் நான் மேல அனுப்ப முடியாதுங்க. காயாட்டி? புது ரூமும் இல்லாம, இந்தச் செவுரும் இல்லாம, மழையில அவங்களை எங்க படுக்கச் சொல்லுவேன்?"

நியாயம்தான். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற யாரும் அதில் படுக்கப் போவதில்லை. நான் மாரப்பனைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம்.

"என்னைய ஏனுங்க பார்க்கறீங்க?" என்றார் அவர். "பழசானாலும் சரி, புதுசானாலும் சரி. முதுகு நனையாம இருந்தாப் போதும். ஒரு மழைக்கு அந்தச் சமையல் கட்டுலயே இடுக்கிக்கறோம். அதுக்கு மட்டும் மேல ஓடு மாத்திக் குடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

இன்ஜினியர் அறிக்கையை ஒரு மழைக்குத் தள்ளி வைத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார். "மேஸ்திரி, பூசினதை நீங்க எடுத்துக் குடுங்க. அதோட சரி. மறுபடி பூசறதா இருந்தா சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளுகளை வெச்சுக்கலாம்."

இனி அந்தச் சுவரில் என் பூச்சுக் கரணை படக் கூடாது என்றார். அவமானமாக இருந்தது. அதே நேரம் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது.

கீழே இறங்கின மூட்டைகள்

காலை ஒன்பதுக்கு உள்ளே, நாலுக்கு வெளியே. நானும் இரண்டு ஆட்களும் கொத்தினோம். வேகமாக அடித்தால் செங்கல் உடையும் என்று சின்ன சுத்தியல்தான். சில இடத்தில் தானாகப் பெயர்ந்தது, நான் நன்றாக அழுத்தித் தேய்த்த இடமெல்லாம் ஒட்டுப் பிடித்து நின்றது. என் நல்ல வேலையை நானே திட்டிக்கொண்டே கொத்தினேன்.

கொத்தின குப்பையைக் காட்டில் கொட்டக் கூடாது. ஓடைப் பக்கம் ஒரு துண்டு விழக் கூடாது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ஜீப்பில் ஏற்றி, செக்போஸ்டில் அவிழ்த்துக் காட்டிவிட்டு இறக்க வேண்டும். அங்கே இருந்த காவலர் முதல் நாள் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"காட்டுக்குள்ள இருந்து என்னென்னமோ கடத்துவாங்க. செவுத்தக் கடத்தறவரை இப்பத்தானுங்க பார்க்கறேன்."

அரசங்கன்றுக்கு அனுமதி வந்தது. வேரோடு எடுத்து ஓடைக்கரையில் நடச் சொல்லி எழுதியிருந்தார்கள். நட்டோம்.

சட்டை

தென்மேற்கு மழை அந்த வருஷம் நன்றாகவே பிடித்தது. மழை நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரசாளிடம் செவுரு செவுரு என்று புலம்பாத நாள் இல்லை. சொல்லிவிட்டால் நிம்மதி வரும் என்று அவள் கணக்குப் போட்டது மட்டும் தப்பாகப் போயிற்று.

மழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்து எல்லோரும் மேலே போனோம். சுவர் அம்மணமாக நின்றது, உடம்பெல்லாம் உளித் தழும்பு. முழங்கால் உயரத்துக்குக் கீழே செங்கல் இன்னும் கறுத்துத்தான் இருந்தது. அதற்கு மேலே வெளிறி, வெயில் பட்ட மண் நிறத்துக்கு வந்திருந்தது.

இன்ஜினியர் கையை வைத்துப் பார்த்தார். மேடம் வைத்துப் பார்த்தார். நான் வைக்கவில்லை. என் கை பயத்தில் எப்போதும் வேர்த்திருக்கும், அதை நம்ப முடியாது.

மாரப்பன் மூலையில் கிடந்த பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார். காக்கிச் சட்டை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் கறுப்பாகக் காட்டிவிடும். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். இன்ஜினியர் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு மாரப்பன் எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பாருங்க."

சட்டையில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை.

"இடிக்க வேண்டாமுன்னு எழுதிர்றேனுங்க மேடம்" என்றார் இன்ஜினியர்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். சிரித்த மாதிரி இருந்தது. நான் மாரப்பனின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க," என்றேன், "அந்தக் கிழக்குச் செவுத்துலயும் கொஞ்ச நேரம் சாஞ்சு காட்டறீங்களா?"